மார்பகக் காசநோய்: கத்தியும் மருந்தும்

மார்பிலே தோன்றும் கட்டி ஒவ்வொன்றும் புற்றுநோயன்று. ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் அஸ்ற்லி கூப்பர் 1829 இலேயே மார்பகக் காசநோயை விவரித்திருந்தார். நோய்க்கிருமியை றொபேட் கொக் அறிவித்ததோ 1882 இலேதான். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத அக்காலத்தில், மார்பகத்தையே அகற்றுவது பல பெண்களுக்கு விதியாயிற்று. 1940களில் ஸ்ரெப்ரோமைசினும் 1952 இல் ஐசோனியாசிட்டும் பயனுக்கு வந்தபின் அந்நிலை மாறத் தொடங்கியது.

பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதினரையே இந்நோய் பற்றுகின்றது. இறுகிய கட்டியாயின் புற்றுநோயெனவும், சீழ் கோத்திருப்பின் பாலூட்டுந் தாய்மாரின் சாதாரண அழற்சியெனவும் மயங்க இடமுண்டு. கீறிய புண் ஆறாது மீண்டும் மீண்டும் வடியுமாயின் காசநோயை ஐயுறல் வேண்டும். ஊசியால் இழையமெடுத்துச் சோதிப்பதே முதற்பணி என்பதை நாம் வலியுறுத்துகின்றோம். அதுவும் எளிதன்று. நுணுக்குக்காட்டியிற் கிருமி பெரும்பாலும் அகப்படுவதில்லை. காசநோயல்லாத வேறோர் அழற்சியும் ஏறத்தாழ இதே தோற்றந் தரும். ஆதலின் கிருமி வளர்ப்பும் மரபணுச் சோதனையும் துணைநிற்க வேண்டும்.

நோய் உறுதியாயின், நுரையீரற் காசத்துக்குரிய மருந்துகளே இதற்கும் உரியன: முதல் 2 மாதம் ஐசோனியாசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதம் முன்னிரண்டும். கட்டி மெல்லக் கரையுமிடத்துச் சில வைத்தியர் இக்காலத்தை நீட்டுவர். கத்திக்கு எஞ்சியிருப்பது சீழை வெளியேற்றலும் மருந்துக்கு அடங்காத எச்சத்தை நீக்கலுமே. மார்பகம் முழுவதையும் அகற்ற நேர்வது மிக அரிது. புண் ஆறியதென்று இடையில் மாத்திரையை நிறுத்துவோரிடத்தே மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தலையெடுக்கக்கூடும்; அவற்றுக்கு வேறு மருந்துகள் வேண்டும்.