அறிக்கை வேறு, செய்தி வேறு

"பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எமது கிராமங்களில் அந்த விடயம் முடிந்துபோனதாகவே கருதப்படுகின்றது. இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்கள் இச்சொல்லை நம்பிப் பல முடிவுகளை எடுக்கின்றன. காணி விடப்படுகின்றது என்று வாசித்தவுடன், இருக்கும் வாடகை வீட்டை விடுவதா, காலபோகத்துக்குக் கடன்பட்டு விதைநெல் வாங்குவதா, பிள்ளைகளின் பாடசாலையை மாற்றுவதா என்று யோசிக்கின்றோம். ஆகவே, பத்திரிகையில் வந்திருப்பது யாருடைய சொல் என்று அறிந்துகொள்வது எமக்கு மிகவும் அவசியமாகும்.

அறிக்கை எவ்வாறு செய்தியாகின்றது?

அமைச்சுகளும் மாவட்டச் செயலகங்களும் படைத்தரப்பும் அரச தகவல் திணைக்களமும் தமது வேலைகளைப் பற்றித் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதே ஊடக அறிக்கையாகும். இதில் தவறில்லை. தான் செய்ததைச் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் உரிமை உண்டு. ஆனால் அது ஒரு தரப்பின் கூற்று மாத்திரமே. ஒரு செய்தியாளர் அவ்விடத்துக்குப் போய்ப் பார்த்து, பாதிக்கப்பட்ட மக்களிடமும் கேட்டு, எண்ணிக்கைகளைச் சரிபார்த்த பின்னரே அது முழுமையான செய்தியாகின்றது. இந்த வேலை நடைபெறாமல், தலைப்பு மட்டும் மாற்றப்பட்டு அறிக்கை அப்படியே அச்சாகும்போதுதான் வாசகர் ஏமாறுகின்றார்.

இதற்குக் காரணங்கள் உண்டு. மாவட்ட நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. வெளியாகும் செய்திக்கே கொடுப்பனவு கிடைக்கின்றது. தூரக் கிராமத்துக்குப் போய்வரும் செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்க வேண்டியுள்ளது. அறிக்கையோ எழுதி முடிக்கப்பட்டு, படத்துடன் கைக்கு வந்துசேர்கின்றது. அச்சமும் ஒரு காரணமாக இருந்துவந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் திகதி தமது வீட்டிலேயே கொல்லப்பட்டதை மறந்துவிட முடியாது. எனவே நிருபரை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை.

ஓர் எண்ணிக்கையின் விலை

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னியின் போர்ப் பகுதிக்குள் ஏறக்குறைய 70,000 மக்களே இருப்பதாக அரச தரப்பு கூறியது. சுதந்திரமான செய்தியாளர்கள் அங்கு செல்ல அனுமதிக்கப்படவில்லை. எனவே நேரில் எண்ணிப் பார்க்க வழியில்லாமல் அந்தத் தொகையே திரும்பத் திரும்ப வெளியானது. போர் முடிந்தபோது அப்பகுதியிலிருந்து வெளியே வந்து முகாம்களில் சேர்க்கப்பட்டவர்கள் 2,80,000 பேருக்கும் அதிகமாவர். உள்ளே இருந்தவர்களுக்கு அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் தேவையிலும் மிகக் குறைவாகவே இருந்தன. எண்ணிக்கை பிழைத்தால் பங்கீடும் பிழைக்கும் என்பதை நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"மீள்குடியேற்றம் முடிந்தது"

2012ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாத இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. இடம்பெயர்ந்தோர் அனைவரும் மீளக்குடியேற்றப்பட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. ஆனால் கடைசியாக வெளியேறியவர்களுள் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர். அவர்களின் சொந்த வீடுகளும் காணிகளும் இராணுவத்தின் வசம் இருந்தமையால், சீனியாமோட்டை என்னும் வேறிடத்தில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். இவ்வாறு வீடு திரும்ப முடியாமற்போனவர்கள் 110 குடும்பங்களைச் சேர்ந்த 346 பேர் என ஐக்கிய நாடுகள் அலுவலகம் அப்போதே கவலை தெரிவித்தது.

முகாம் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் "முகாமை விட்டு வெளியேறினர்" என்பதும் "தமது காணிக்குத் திரும்பினர்" என்பதும் ஒன்றல்ல. அறிக்கையை மட்டும் வாசித்தவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திராது. அவ்வூரின் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாமின் முன் தொடர் போராட்டம் தொடங்கி, மார்ச் முதலாம் திகதியே தமது காணிகளுள் கால்வைத்தனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எவ்வாறு வாசிப்பது?

"300 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது" என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதைச் சொன்னவர் யார்? நேரில் பார்த்தவர் யார்? காணிக்காரர் ஒருவராவது பேசியிருக்கின்றாரா?

2. அது உறுதிக் காணியா, அரச காணியா? எந்தக் கிராம சேவையாளர் பிரிவு?

3. விடுவிக்கப்பட்டதா, விடுவிக்கப்படவுள்ளதா? "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது" என்றால் இன்னும் கையில் வரவில்லை என்பதே பொருள்.

4. கண்ணிவெடி அகற்றப்பட்டதா? பாதையும் கிணறும் குளத்து வாய்க்காலும் வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?

5. எண்ணிக்கை குடும்பங்களையா, ஆட்களையா குறிக்கின்றது?

ஒரே வசனங்கள் இரண்டு மூன்று பத்திரிகைகளில் மாற்றமின்றி வந்திருந்தால், அவை ஒரே அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என ஊகிக்கலாம். மூன்று பத்திரிகைகளில் வந்தமையால் அது மூன்று சாட்சியம் ஆகிவிடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பி இருப்பிடப் பதிவை மாற்றவோ கடன்படவோ வேண்டாம். கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, இயன்றால் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தகவல் கோரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எமது பிரிவில் எத்தனை ஏக்கர், எத்திகதியில், எத்தனை குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டது?" என்று தெளிவாகக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்னும் முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தால் அவ்வலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்து, அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

மூன்றாவதாக, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள். செய்தி வந்த திகதி, அதில் சொல்லப்பட்டது, ஊரில் உள்ள நிலைமை ஆகிய மூன்றையும் கோபமின்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கமக்காரர் அமைப்பினூடாகக் கையொப்பமிட்டு அனுப்பலாம். நிருபரை ஊருக்கு அழையுங்கள்; வந்தால் வேலியையும் கிணற்றையும் காட்டுங்கள். அச்செய்தியை வெட்டி, திகதியிட்டு, காணி உறுதியுடன் சேர்த்து வையுங்கள். வாக்குறுதி எப்போது தரப்பட்டது என்று காட்டுவதற்கு ஒருநாள் அது தேவைப்படும்.