செல்ல எலி உடம்புல கட்டியா? பதறாதீங்க, தள்ளியும் போடாதீங்க!

நாய், பூனை வரிசையில இப்போ வெள்ளெலியும் செல்லப் பிராணியாகிடுச்சு. தோள்ல ஏறி உட்காரும், பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடிவரும். ஒரே வருத்தம், ஆயுசு 2 முதல் 3 வருஷம்தான். ஒன்றரை வயசைத் தாண்டினாலே முதுமை எட்டிப்பார்க்கும். கையில தூக்கும்போது ஓர் உருண்டை தட்டுப்படுறதும் பெரும்பாலும் அந்த வயசுலதான்.

அது என்ன கட்டி?

பெண் எலிக்கு 12 முலைக்காம்புகள். பால்சுரப்பித் திசு கழுத்துல தொடங்கி தொடையிடுக்கு வரை பரவியிருக்கும். அதனால அக்குள், கழுத்து, வயிறுன்னு எங்கே கட்டி வந்தாலும் அது மார்பகக் கட்டியா இருக்கலாம். ஆறுதலான விஷயம், இதுல பெரும்பாலானவை 'ஃபைப்ரோஅடினோமா' என்கிற, புற்றுநோய் அல்லாத கட்டிகள். ஆனா, வளர்ந்துக்கிட்டே போகும். நடக்க முடியாம, தரையில உரசிப் புண்ணாகும். ஆண் எலிக்கும் அபூர்வமா வரும்.

கட்டியா, சீழா?

தோலுக்கடியில நழுவுது, வலி இல்லை, வாரக்கணக்குல வளருதுன்னா சதைக்கட்டியா இருக்கலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல வீங்கி, சூடா, தொட்டாலே வலிச்சா சீழ்க்கட்டியா இருக்கலாம். உறுதிப்படுத்த வேண்டியது டாக்டர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசறது, அமுக்கிப் பிதுக்கறது, நம்ம வலி மாத்திரையை உடைச்சுக் கொடுக்கறது, எதுவும் வேண்டாம்.

மலையில இருந்தா?

தருமபுரி வத்தல்மலை மாதிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு டாக்டரைப் பார்க்கறதே ஒரு பயணம். 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் இறங்கணும். எலிக்கு வேர்க்காது. மலைக் குளிருக்குப் பழகினதுக்கு அடிவாரத்து வெயில் ஆபத்து. அதனால காலையிலேயே கிளம்புங்க. காற்றோட்டமான கூண்டுல பழைய துணி விரிச்சு, தண்ணிக்குப் பதிலா வெள்ளரித் துண்டு போடுங்க.

எல்லா டாக்டரும் எலிக்கு ஆபரேஷன் பண்றதில்லை. போன்ல கேட்டுட்டுப் போங்க. 1985-ல தொடங்கின நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலயும் விசாரிக்கலாம்.

ஆபரேஷன் பண்ணலாமா?

கட்டி நெல்லிக்காய் அளவுல இருக்கறப்பவே எடுத்தா ரத்த இழப்பு குறைவு, காயமும் சீக்கிரம் ஆறும். நாய்க்குப் போடற மாதிரி முந்தின ராத்திரி பட்டினி தேவையில்லை. எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. எடுத்த இடத்தை விட்டு வேற இடத்துல மறுபடி கட்டி வரலாம்கிறதையும் தெரிஞ்சுக்கங்க. சின்ன வயசுலயே கருப்பையை நீக்கும்போது சினைப்பையையும் சேர்த்து எடுத்தா இந்த ஆபத்து நல்லாவே குறையும்.

ரெண்டரை வயசு எலி, மூச்சுத் திணறல் வேறன்னா மயக்க மருந்தைத் தாங்குமான்னு டாக்டர்கிட்ட வெளிப்படையா கேளுங்க. ஆபரேஷன் வேண்டாம்னு முடிவானா, மெத்துன்னு படுக்கை, எட்டற உயரத்துல சாப்பாடு, டாக்டர் தர்ற வலி மருந்து. இதுவும் வைத்தியம்தான்.

வாரம் ஒருமுறை, ரெண்டு நிமிஷம், கழுத்துல இருந்து வால் அடி வரை விரலால தடவிப் பாருங்க. அதோட ஒரு மாசம், நம்ம கணக்குல சில வருஷம். 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்'னு மட்டும் விட்டுடாதீங்க.