மருந்தை மறுக்கும் செல்கள்

ஒரே வயதுடைய பெண்கள் இருவருக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியின் அளவும் ஒன்றே. அளிக்கப்பட்ட மருந்தும் ஒன்றே. ஒருவருக்குக் கட்டி கரைகிறது. மற்றவருக்கோ சுருங்கிய கட்டி மீண்டும் வளர்கிறது. மருந்து ஒன்றாயிருக்க, விளைவு வேறுபடுவது ஏன்? அவ்வேறுபாட்டின் முதன்மையான காரணங்களுள் ஒன்று மரபணு வெளிப்பாடு ஆகும்.

மனிதச் செல்லில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் செயற்படுவதில்லை. தேவையான மரபணுவின் செய்தி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. வெளிப்பாடே அவற்றை வேறாக்குகிறது.

மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதம் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் இதனுடன் இணைந்து செல்லைப் பெருகத் தூண்டுகிறது. தமாக்சிஃபென் என்னும் மருந்து அவ்விடத்தைத் தான் பற்றிக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. ஆனால், சில கட்டிகளில் ஏற்பிக்குரிய மரபணுவின் வெளிப்பாடு நாளடைவில் குறைந்துவிடுகிறது. அச்செல்கள் வேறு வழிகளில் வளர்ச்சித் தூண்டலைப் பெறுகின்றன. பற்றுவதற்கு இடமின்றி மருந்து பயனற்றுப்போகிறது.

வேதிச்சிகிச்சைக்கும் இத்தகைய தடை உண்டு. 1976ஆம் ஆண்டு ஜூலியானோ, விக்டர் லிங் ஆகிய அறிவியலாளர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத செல்களின் மேற்பரப்பில் பி-கிளைக்கோபுரதம் என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். ஓட்டைப் படகில் புகும் நீரைப் படகோட்டி இறைத்து வெளியேற்றுவதுபோல, உட்புகும் மருந்தை இப்புரதம் வெளியேற்றுகிறது. இதற்குரிய மரபணுவின் வெளிப்பாடு மிகும்போது, டாக்சோரூபிசின், பேக்லிடாக்சல் எனத் தம்முள் வேறுபட்ட மருந்துகளும் ஒருங்கே வலுவிழக்கின்றன.

கட்டியிலுள்ள செல்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. களைக்கொல்லி தெளித்த வயலில் தப்பிய சில களைகளே மீண்டும் மண்டுவதுபோல, மருந்துக்குத் தப்பிய சில செல்களே பெருகிப் புதிய கட்டியாகின்றன. நோய் திரும்புவதன் பின்னணி பலவேளைகளில் இதுவே.

எனினும், மரபணு வெளிப்பாடு தடையாக மட்டும் அமைவதில்லை, வழியும் காட்டுகிறது. ஹெர்-2 மரபணு மிகையாக வெளிப்படும் கட்டிகள் விரைந்து பரவக்கூடியவை. அம்மிகைப் புரதத்தையே இலக்காகக் கொண்ட டிராஸ்டுசுமாப் என்னும் மருந்துக்கு 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கட்டியின் வலிமையே அதை வீழ்த்தும் வாயிலாயிற்று.

இன்று, கட்டியிலுள்ள 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து, வேதிச்சிகிச்சை தேவையா என்பதை முடிவுசெய்ய உதவும் சோதனை உள்ளது. ஏறத்தாழ 10,000 பெண்கள் பங்கேற்ற பேராய்வின் முடிவுகள் 2018ஆம் ஆண்டு வெளியாயின. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுடைய, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத தொடக்கநிலைப் புற்றுநோயில், இச்சோதனையில் இடைநிலை மதிப்பெண் பெற்றோருள் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதுமென அவை காட்டின. பயனளிக்காத மருந்தின் துன்பத்திலிருந்து ஒருவரைக் காப்பதும் மருத்துவமே. நோயின் பெயரை அறிவதோடு நில்லாமல், செல்லினுள் நிகழ்வதையும் அறிந்து மருந்தைத் தேர்வதே இன்றைய மருத்துவம் செல்லும் திசை.