வாணிக எழுத்தும் ஆவணக் காப்பும்

கவிஞன் தன் உள்ளத்து உவகையை எழுதுகின்றான். வாணிகக் கடிதம் எழுதுவோன் பிறனொருவன் செய்யவேண்டிய வினையை எழுதுகின்றான். அவ்வினையைச் செய்பவன் பெரும்பாலும் எழுதியவனுக்கு அருகில் இருப்பதில்லை. சிலபோது அவன் பத்தாண்டு கழித்து அந்நிறுவனத்திற் பணியேற்க வரப்போகின்றவனாகவும் இருப்பான். ஆதலின் வாணிக எழுத்துக்கு இலக்கணம் யாதெனின், எழுதியவன் இல்லாத இடத்தும் இல்லாத காலத்தும் அவன் கருத்தைப் பிறழாது உணர்த்துவதே என்க. அவ்வாறு எழுதுதலும், எழுதியதை வேண்டும்போது எடுக்குமாறு வைத்தலும் ஒரே தொழிலின் இரு கூறுகளாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. புத்தளம் களப்பின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டை 1667 முதல் 1676 வரையில் எழுந்தது. அதனைக் கட்டுவித்தவர் முடிமன்னர் அல்லர்; 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார். பங்குதாரர் ஒல்லாந்து நாட்டில், கீழைத் தலைமையகம் பத்தாவியாவில், பண்டகசாலைகளோ கடல்தோறும். கடிதம் ஒன்று சென்று மறுமொழி வருவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். எழுத்தொன்றே அக்கம்பனியைக் கட்டிய கயிறு.

அக்கயிறு அறாதிருக்க அவர்கள் செய்த ஏற்பாடுகள் நோக்கத்தக்கன. அனுப்பும் கடிதத்துக்குப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். கப்பல் கவிழக்கூடும் என்று ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினர். அவைத் தீர்மானங்களை நாள்முறையே பதிந்தனர். காணிகளையும் குடிகளையும் தோம்பு என்னும் பதிவேடுகளில் எழுதினர். பதவி விட்டுச் செல்லும் தேசாதிபதி, தமக்குப் பின் வருவார்க்கு நாட்டின் நிலையையும் முடியாத கருமங்களையும் விளக்கி நீண்டதொரு குறிப்பு எழுதிவைத்தல் வழக்கமாயிற்று. யாழ்ப்பாணத் தளபதி ஹென்ட்ரிக் சுவார்டகுரோன் மலையாளக் கரைக்குச் செல்லநேர்ந்தபோது, தாம் இல்லாத காலத்து யாழ்ப்பாணத்து அவையினர் நடந்துகொள்ளவேண்டிய முறையை 1697இல் எழுதிவைத்தார். அக்குறிப்பைச் சோபியா பீட்டர்ஸ் என்னும் அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1911இல் கொழும்பில் வெளிவந்தது. இருநூறு ஆண்டுக்குப் பின்னும் எடுத்துப் படிக்கத்தக்கதாய் ஓர் அலுவலகக் குறிப்பு இருந்தமையை எண்ணிப் பாருங்கள்! அக்கம்பனியின் ஏடுகளில் இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள். கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப் டவுன், ஹேக் ஆகிய நகரங்களில் அவை காக்கப்படுகின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இது மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று மலைக்கவேண்டுவதில்லை. சோழர் காலத்தில் அரசன் வாய்மொழியாய் இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத, ஓலைநாயகம் ஒப்புநோக்கிச் சாத்திட, பின்னரே அது வரிப்பொத்தகத்தில் ஏறிற்று. எழுதுவோன் ஒருவன், சரிபார்ப்போன் வேறொருவன் என்னும் ஒழுங்கு நமக்குப் பழையதே. பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு யாவரும் அறிந்தது. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. முதியவரிடத்து மூல ஓலை பத்திரமாக இருந்தது. அவையத்தாரும் அதனை அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பு வழங்கினர். மூலம் ஓரிடத்தும் படி வேறிடத்தும் இருத்தல், ஒப்புநோக்கச் சான்று இருத்தல் என ஆவணக் காப்பின் அடிப்படை முழுதும் அவ்வொரு வழக்கினுள் அடங்கும்.

இத்தகைய மரபுடைய நாம் இன்று எழுதும் அலுவலகக் கடிதம் எத்தகையது? கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குக் கருவாட்டு மூடை அனுப்பிய ஒருவர், பணம் வரவில்லை என்று எழுதுகின்றார் என்று கொள்வோம். மறுமொழி வருகின்றது: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. மேற்படி விடயம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கை விரைவில் மேற்கொள்ளப்படும்." மூன்று வாக்கியங்கள், மூன்றிலும் வினைமுதல் இல்லை. கவனத்திற் கொண்டவர் யார்? நடவடிக்கை யாது? விரைவு என்பது எத்தனை நாள்? செயப்பாட்டுவினை இலக்கணத்துக்கு இழுக்கன்று. பொறுப்பை மறைக்கும் திரையாக அதனைத் தொங்கவிடுதலே இழுக்கு. அதே செய்தியை இவ்வாறும் எழுதலாமன்றோ: "நீங்கள் மே மாதம் 5ஆந் திகதி அனுப்பிய 40 மூடைகளில் 3 மூடைகள் நனைந்திருந்தன. எஞ்சிய 37 மூடைகளுக்குரிய பணத்தை எங்கள் கணக்காளர் 12ஆந் திகதி உங்கள் வங்கிக் கணக்கில் இடுவார். நனைந்தவற்றை 10ஆந் திகதிக்கு முன் வந்து பார்வையிடுக." இதில் அணியில்லை, அடுக்கில்லை, ஆயினும் பெறுவோன் உறங்குவான்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூலார் வகுத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் மற்றொன்று விரித்தலும் அவற்றுட் சில. அப்பத்தையும் எழுதி அலுவலக மேசையில் ஒட்டிவைத்தால், இலிகிதர்க்கு வேறு பயிற்சிநூல் மிகுதியும் வேண்டா.

இனிக் காப்புமுறையை நோக்குவோம். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை அகராதி நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊரும் ஆறும் குளமுமாகிய பல்வகைச் செய்திகளையும் எழுத்து வரிசையில் நிறுத்தினார். 1859இல் வெளிவந்த அவருடைய தமிழ்ப் புலவர் வரலாறும் அவ்வகையினதே. செய்தியைத் திரட்டுதல் பாதிப் பணி. தேடுவோன் கைக்கு எட்டுமாறு நிறுத்துதல் மறுபாதி. நிறுவனத்துக் கோவைக்கும் இதுவே விதி. கோவைக்குப் பொருள் தெரியும் பெயர் வேண்டும். தாளுக்குத் திகதியும் தொடர் எண்ணும் வேண்டும். திருத்திய படியில் இது எத்தனையாவது திருத்தம் என்னும் குறிப்பு வேண்டும். எதனை எத்தனை ஆண்டு காப்பது, எப்போது அழிப்பது என்னும் வரையறையும் வேண்டும். அனைத்தையும் குவித்து வைத்தல் காப்பன்று. அது குப்பையைப் பூட்டிவைத்தல்.

இப்போது ஓலை போய்த் தாளும் போய்க்கொண்டிருக்கின்றது. விலைபேசுதலும் கட்டளையும் பற்றுச்சீட்டும் வாட்ஸப்பில் நிகழ்கின்றன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம், மின்வடிவில் உள்ளது என்னும் காரணத்தால் மட்டும் ஓர் ஆவணத்தைத் தள்ளலாகாது என்கின்றது. ஆனால் பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடியதாய் அஃது இருத்தல் வேண்டும் என்பதையும் வற்புறுத்துகின்றது. கைப்பேசி கடலில் விழுந்தால் கணக்கும் விழுந்துவிடும் என்னும் நிலையில் இருப்பவன், சட்டம் தரும் துணையை எங்ஙனம் பெறுவான்?

ஒன்று மட்டும் மறத்தலாகாது. அத்துணை ஏடெழுதிய ஒல்லாந்தக் கம்பனியும் கடனில் மூழ்கிற்று; 1795இல் கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது; 1799ஆம் ஆண்டின் முடிவில் கம்பனியின் உரிமைப் பட்டயமும் முடிவுற்றது. போர்களும் போட்டியும் ஒருபுறம் இருக்க, ஊழியர் நடத்திய கள்ள வாணிகம் ஏட்டில் ஏறவில்லை; கீழைக் கணக்கும் தாய்நாட்டுக் கணக்கும் ஒருங்கே வைத்து நோக்கப்படவில்லை. அழகிய எழுத்தும் அடுக்கிய கோவையும் வாய்மையின் இடத்தை நிரப்பமாட்டா.

பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. நட்டத்தைத் தாங்கும் முதலும் உண்டு. படகுக்குடையவனுக்கும் நாட்கூலிப் பெண்ணுக்கும் உள்ள ஒரே அரண், யாரோ ஒருவர் எழுதிவைத்த ஒரு வரியே. கணக்கப்பிள்ளை மாறிய மறுநாள் அவ்வரி காணாமற்போயின் அவர்தம் உழைப்பும் காணாமற்போம். எனவே தெளிவாக எழுதுதலும் செம்மையாகக் காத்தலும் அலுவலக நாகரிகம் என்ற அளவில் நின்றுவிடாமல், எளியார்க்குச் செய்யும் நீதியும் ஆகும் என்பதை நம் வாணிக மக்கள் உணர்வாராக.