முத்து வந்த வீடு

குழந்தையைத் தேள் கொட்டிவிட்டது. கையில் காசில்லை. பணக்கார வைத்தியரின் வாசற்கதவு சாத்திவிட்டது. அந்த வேளையில் ஒரு தாய் தெய்வத்திடம் என்ன கேட்பாள்? 'குழந்தை பிழைக்க வேண்டும்' என்றுதான் கேட்பாள் என்பீர்கள். ஹுவானா அப்படிக் கேட்கவில்லை. வைத்தியருக்குக் கொடுப்பதற்காக ஒரு பெரிய முத்துக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக் கொண்டாள். முத்துக் கிடைத்தது. வினையும் அதோடு கூடவே வந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'முத்து' என்ற சிறிய நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. 1940-ல் அவர் கடல்வாழ் உயிர்களை ஆராயும் நண்பர் ஒருவருடன் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் படகில் சுற்றினார். அப்போது லா பாஸ் என்ற ஊரில் இந்தக் கதையைக் கேட்டார். 1945 டிசம்பரில் அது ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வெளிவந்தது, 1947-ல் புத்தகமாயிற்று. ஆசிரியருக்கு 1962-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அவர் கேட்ட கதையில் முத்தெடுத்தவன் ஓர் இளைஞன். அவன் கனவெல்லாம் குடியும் கேளிக்கையும்தான். ஸ்டைன்பெக் அதை மாற்றினார். முத்துக் குளிக்கும் கீனோவுக்கு ஹுவானா என்ற மனைவியையும், கோயோடிட்டோ என்ற கைக்குழந்தையையும் கொடுத்தார். கீனோவின் ஆசைகளைக் கேளுங்கள்: மாதா கோவிலில் முறைப்படி கல்யாணம், புதுத் துணிமணி, ஒரு துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக மகனுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு. இதில் எதைப் பேராசை என்று சொல்வது?

அங்கேதான் கதையின் சூட்சுமம் இருக்கிறது. பேராசை என்றைக்குமே தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கொண்டு வருவதில்லை. குழந்தையின் பெயரைச் சொல்லிக் கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறது.

முத்துச் செய்தி பரவியதும், கதவைத் திறக்காத வைத்தியர் தாமே குடிசை தேடி வருகிறார். ஹுவானா கடற்பாசியை அரைத்துப் போட்ட பற்றிலேயே குழந்தைக்கு வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. காசில்லாத வைத்தியம் ஆயிற்றே, அதை யார் மதிப்பார்கள்? முத்து வியாபாரிகளோ ஆயிரம் பெஸோ என்கிறார்கள்; பிறகு ஆயிரத்து ஐந்நூறு வரை வருகிறார்கள். வெளிக்குத் தனித்தனிக் கடைகள். உள்ளே எல்லோரும் ஒரே முதலாளியின் ஆட்கள். ஐம்பதாயிரம் பெறும் என்று கீனோ மறுத்துவிடுகிறான்.

இரவில் திருடன் வருகிறான். "இந்த முத்து நம்மை அழித்துவிடும், எறிந்துவிடுங்கள்" என்று முதலில் கெஞ்சுகிறவள் ஹுவானாதான். அவன் கேட்கவில்லை. விடியுமுன் தானே அதைக் கடலில் எறியப் போனாள். கணவனிடம் அடியும் உதையும் பட்டாள். பிறகு கொலை நேர்ந்தது. படகு உடைந்தது, குடிசை எரிந்தது. மலைக்கு ஓடினார்கள். துரத்தி வந்தவனின் துப்பாக்கிக் குண்டு குழந்தையின் உயிரைக் குடித்தது. யாருக்காக முத்து வேண்டுமென்று நினைத்தார்களோ அவனே இல்லை.

இருவரும் ஊர் திரும்புகிறார்கள். எப்போதும் அவன் முன்னே, அவள் பின்னே நடப்பது வழக்கம். அன்று இருவரும் பக்கம் பக்கமாக நடந்து வருகிறார்கள். கடற்கரையில் கீனோ முத்தை அவளிடம் நீட்டுகிறான். அவள் வாங்கவில்லை; நீங்களே எறியுங்கள் என்று சொல்லிவிடுகிறாள். அவன் எறிகிறான்.

சகோதரிகளே, குழந்தைகள் நன்றாக வாழ வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் 'எல்லாம் குழந்தைக்காகத்தான்' என்று நம் வீட்டில் யாராவது சொல்லும்போது, அந்தக் குழந்தைக்கு இன்று என்ன வேண்டும் என்பதையும் ஒரு தரம் பார்த்துக் கொள்ளலாம். கடற்பாசியை அரைத்துப் போட்ட அந்தக் கைக்கு அது தெரிந்துதான் இருந்தது.