பணிக்கு ஏற்ற பண்

வைகாசி பிறந்துவிட்டால் வற்றாப்பளையில் ஓசைக்குக் குறைவில்லை. நந்திக்கடலின் கரையில் கோயில் கொண்டுள்ள கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் எடுக்க, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் திரள்வர். கடல்நீர் வார்த்து விளக்கெரிக்கும் மரபைக் காண வரும் மக்கள் வெள்ளத்தோடு மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஊரை நிறைத்துவிடும்.

அவ்வூரிலே ஒரு வீட்டைச் சற்று மனக்கண் முன் கொண்டு வாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். திரும்பிப் போவதற்குள் ஒரு நிரலை எழுதி முடித்தாக வேண்டும். மடிக்கணினியைத் திறந்து, காதிலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாய்க்கு அது பொறுக்கவில்லை.

“பாட்டைக் கேட்டுக்கொண்டு படிச்சால் மண்டைக்குள்ள என்ன பிள்ளை ஏறும்?”

“பாட்டு இல்லாட்டித்தான் அம்மா ஒண்டும் ஏறாது!”

இந்த வழக்கு இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நடப்பதுதான். இதற்குத் தீர்ப்புக் கூறுவதற்கு முன் பழைய கதை ஒன்றையும் பார்த்துவிடுவோம்.

வேலையோடு பாட்டைச் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. வன்னி வயல்களில் அருவி வெட்டும்போது பாட்டு உண்டு. முல்லைத்தீவுக் கரையிலே கரைவலை இழுப்போருக்கு அம்பாப் பாட்டு உண்டு. பல கைகள் ஒரே கணத்தில் வலிக்க வேண்டுமானால் தாளம் வேண்டும். களைப்பு மறக்க வேண்டுமானால் சொல் வேண்டும். இரண்டையும் பாட்டு தந்தது.

மேல்நாட்டாரும் இதனைக் கண்டுகொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆலைத் தொழிலாளருக்கென்றே பி.பி.சி. வானொலி ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 1967 வரை அது நீடித்தது. அதிலே ஒரு வேடிக்கை. கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை அந்நிகழ்ச்சியில் விலக்க வேண்டியதாயிற்றாம். கைதட்டல் வரும் இடமெல்லாம் தொழிலாளர் கையிலிருந்த கருவிகளால் இயந்திரங்களைத் தட்டத் தொடங்கிவிடுவர் என்ற அச்சமே காரணம்! வேலைக்குத் துணையாக வந்த பாட்டு, வேலையையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் வலை இழுப்பதும் நிரல் எழுதுவதும் ஒன்றல்ல. நிரல் எழுதுபவர் பல செய்திகளை ஒரே வேளையில் நினைவில் தாங்கி நிற்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது, அடுத்த படி எது, இது தவறினால் எங்கே போகும் என்று மனம் தனக்குத் தானே பேசிக்கொண்டே இருக்கும். அப்பேச்சின் நடுவே வேறொருவர் பேச்சு நுழைந்தால் கோர்வை அறுந்துவிடுகிறது. சலமே, படேலி என்னும் ஆய்வாளர் இருவர் 1982 இல் இதனைச் சோதித்துக் காட்டினர். கவனியாமல் விட்டாலும், பக்கத்தில் கேட்கும் பேச்சு நினைவைக் கலைக்கிறது. 1989 இல் அவர்களே செய்த மற்றொரு சோதனையில், வாய்ப்பாட்டு வாத்திய இசையைவிட அதிகமாகக் கலைப்பதும் தெரியவந்தது. ஆகவே ஓசை எவ்வளவு பெரிது என்பதைவிட, அதிலே சொல் உண்டா என்பதே முதற் கேள்வி.

அப்படியானால் தாய் சொன்னதுதான் சரியா? அவசரப்பட வேண்டாம். தெரேசா லெசியுக் என்னும் ஆய்வாளர் கனடாவில் நான்கு மென்பொருள் நிறுவனங்களைச் சேர்ந்த 56 பேரை ஐந்து வாரம் கவனித்து, 2005 இல் முடிவை வெளியிட்டார். தாம் விரும்பிய இசையைக் கேட்டு வேலை செய்தபோது அவர்கள் மனம் மலர்ந்திருந்தது. இசையை நிறுத்தியபோதோ வேலையின் தரம் தாழ்ந்தது, நேரமும் கூடிற்று. மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறதல்லவா?

இன்னொரு சோதனை இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுகிறது. 1960களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததாக டிமார்க்கோ, லிஸ்டர் இருவரும் 1987 இல் தங்கள் நூலில் எழுதியுள்ளனர். மாணவர்களில் ஒரு சாரார் அமைதியான அறையிலும், மறு சாரார் இசை கேட்டவாறும் ஒரே நிரலை எழுதினர். வேகத்திலும் பிழையின்மையிலும் வேறுபாடில்லை. ஆனால் அக்கணக்கிலே ஒரு சூட்சுமம் மறைந்திருந்தது. பெருக்கியும் வகுத்தும் செல்லும் அத்தனை படிகளின் முடிவிலும், கொடுத்த எண்ணே திரும்பி வரும். அதைக் கண்டுகொண்டவரில் மிகப் பெரும்பாலோர் அமைதி அறையில் இருந்தவரே!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. வழி தெரிந்த வேலைக்கு இசை துணை. வழி தேடும் வேலைக்கு அமைதியே துணை. தட்டெழுதும்போதும், முன்பு பலமுறை செய்ததை மீண்டும் செய்யும்போதும் பாட்டு இருக்கலாம். புதிய கணக்கை ஆராயும்போதும், ஒளிந்திருக்கும் பிழையைத் தேடும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிடுவதே நன்று.

இசையைத் தேர்வதிலும் சில நெறிகள் உண்டு. சொல்லில்லாத இசையே சிறந்தது. லால்குடி ஜயராமனின் வயலினோ, மாலியின் புல்லாங்குழலோ, அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமோ ஆகலாம். ஆயினும் நன்கு தெரிந்த கீர்த்தனையை வாத்தியத்தில் கேட்டால் அதன் சொற்கள் தாமாகவே மனத்தில் எழும். அதனால் இராக ஆலாபனை மேலானது. சங்கீதம் முறையாகக் கற்றவர்களுக்கோ ஆலாபனையும் ஆபத்துத்தான். மனம் ஸ்வரங்களின் பின்னே போய்விடும். அவர்களுக்குத் தம்பூராவின் சுருதியோ, மழையின் ஓசையோ போதும். வெளியே ஒலிபெருக்கி முழங்கும் நாளிலும், மாறாத அத்தகைய ஓசை ஒரு திரைபோல் உதவும். கேட்கப் போவதை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட வேண்டும். இடையிடையே கைத்தொலைபேசியில் பாட்டுத் தேடுபவர் நிரலை மறந்து பாட்டையே எழுதத் தொடங்கிவிடுவார்!

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை சிந்திக்கும் வேளையில் தொலைக்காட்சி நாடகத்தின் உரையாடல் மெல்லக் கேட்டாலும் அது இடையூறே.

ஆனால் அமைதி என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. 2009 இல் போரின் இறுதி நாட்களைக் கண்டது இந்த நந்திக்கடற் பிரதேசம். ஓசை திடீரென அடங்கினால் நெஞ்சு பதறுகின்ற மூத்தோர் இன்றும் இருக்கலாம். அவர்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கன்று. அது ஒரு துணை. அதனை நிறுத்தச் சொல்லுமுன் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கதையின் தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வரட்டும். ஊர் விழிக்குமுன் வைகறையில் எழுந்து, கடினமான பகுதியை மகள் அமைதியிலே சிந்திக்கட்டும். விடிந்தபின் தாயின் வானொலி பாடட்டும். மகள் தட்டெழுதும் வேலையைப் பார்க்கட்டும். பிறர் காதையும் மதித்து நடக்கும் வீட்டிலே பாட்டும் நிற்கும், படிப்பும் நிற்கும்.