நீதிமன்றக் கட்டுகளில் கிடைத்த பெயர்கள்

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் ஒரே ஆண்டில் வந்து முட்டி நிற்பர். அவ்வாண்டு 1870. அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்ட பின் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டுக்குரியது. விடுதலை பெற்றவர்களின் பெயர், வயது, தொழில், வீட்டிலிருந்தோர் ஆகிய எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. அதற்கு முன் 1850இலும் 1860இலும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. உரிமையாளரின் பெயருக்குக் கீழே ‘பெண், 24’, ‘ஆண், 6’ என்பதுபோல் பால், வயது, நிறம் ஆகியவை மட்டும் குறிக்கப்பட்டன. 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இவ்வாறு பெயரின்றி எண்ணப்பட்டனர்.

எனினும், அவர்களுடைய பெயர்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. அவற்றுள் பல கவுன்டி நீதிமன்றங்களின் பழைய ஏடுகளில் கிடக்கின்றன.

கவுன்டி என்பது மாநிலத்துக்குள் அமைந்த ஓர் ஆட்சிப் பிரிவு. மலேசிய மாநிலங்களில் உள்ள மாவட்டங்களோடு அதனை ஒப்பிடலாம். அக்காலக் கவுன்டி நீதிமன்றம் வழக்குகளை விசாரிப்பதோடு நின்றுவிடவில்லை. அது உயில்களை ஏற்றுப் பதிந்தது; நிலம் கைமாறும்போது பத்திரத்தைப் பதிவேட்டில் படியெடுத்து வைத்தது; தந்தையை இழந்த பிள்ளைகளுக்குக் காப்பாளரை நியமித்தது; சாலைகளைப் பராமரிக்க ஆள் அமர்த்தியது. அதனால், யாருடைய நிலம் யாருடைய நிலத்தை ஒட்டியிருந்தது, யார் யாரிடம் கடன்பட்டார், எந்த ஆற்றின் குறுக்கே எப்போது பாலம் கட்டினர் என்பன போன்ற ஊர்ச் செய்திகளுக்கு இந்த ஏடுகளே முதன்மைச் சான்றாக விளங்குகின்றன. வெர்ஜினியா மாநிலத்தின் நார்தாம்ப்டன் கவுன்டியில் 1632 முதல் இவை அறுபடாமல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அடிமைகளின் பெயரைத் தேடுபவர் முதலில் திறக்க வேண்டியது இறந்தவர்களின் சொத்துப் பட்டியல். நிலக்கிழார் ஒருவர் இறந்ததும், நீதிமன்றம் அண்டை அயலாரில் மூவரையோ நால்வரையோ நியமித்து அவருடைய உடைமைகளை மதிப்பிடச் செய்யும். அவர்கள் வீடு வீடாக, தொழுவம் தொழுவமாக நடந்து கண்டதையெல்லாம் எழுதுவார்கள். கலப்பை, இரும்புப் பானை, கறவைப் பசு ஆகியவற்றின் வரிசையிலேயே மனிதர்களின் பெயர்களும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விலை இருக்கும். படிப்பதற்கு மனம் கூசும் பட்டியல்தான். ஆயினும், சட்டம் அவர்களைச் சொத்தாகக் கருதிய காரணத்தால்தான் அவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. சில பட்டியல்களில் தாயின் பெயரை அடுத்து அவளுடைய கைக்குழந்தையும் சேர்த்து மதிப்பிடப்பட்டிருக்கும். அதன்பின் வாரிசுகளுக்குள் பாகம் பிரித்த கணக்கையும் தேடிப் பார்க்க வேண்டும். தாய் ஒரு மகனின் பங்குக்கும், பிள்ளை இன்னொரு மகளின் பங்குக்கும் போனது அந்தக் கணக்கில்தான் தெரியவரும்.

ஆனால், யாருடைய சொத்துப் பட்டியலைத் தேடுவது? விடுதலை பெற்ற குடும்பங்கள் கடைசி உரிமையாளரின் குடும்பப் பெயரையே எப்போதும் வைத்துக்கொள்ளவில்லை. எனவே, ஆய்வாளர்கள் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அக்குடும்பத்தைச் சுற்றி வாழ்ந்த நிலக்கிழார்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய உயில்களையும் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பர். அடிமைகளை விற்றதும் கடனுக்கு ஈடு வைத்ததும் நிலப் பத்திரங்களோடு கலந்தே பதியப்பட்டிருக்கும். வட கரோலினாவில் 1866ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமைக் காலத்திலேயே கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் கவுன்டி எழுத்தரிடமோ அமைதி நீதிபதியிடமோ சென்று, எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைப் பதிந்தனர். அந்தப் பதிவு கிடைத்தால் தேடுபவரின் வேலை பாதி முடிந்தது போலத்தான்.

பட்டியல்களைக் காட்டிலும் அதிகமாகப் பேசுபவை வழக்குக் கட்டுகள். வெர்ஜினியாவின் நார்தம்பர்லண்ட் கவுன்டி நீதிமன்றத்தில் எலிசபெத் கீ என்னும் பெண் தன் விடுதலைக்காக வழக்குத் தொடுத்தார். அவருடைய தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர். ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. ஆகவே, அவர் தாமஸ் கீயின் மகள்தானா என்பதே கேள்வியாயிற்று. 80 வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் உட்படப் பலர் சாட்சியம் அளித்தனர். 1656 ஜனவரியில் நடுவர் குழு எலிசபெத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் இழுபறி ஏற்பட்டாலும் இறுதியில் அவர் விடுதலை பெற்று, தமக்காக வழக்காடிய வில்லியம் கிரின்ஸ்டெட் என்பவரையே மணந்துகொண்டார்.

அந்த ஏட்டை இன்று திறப்பவர் அத்தீர்ப்பின் ஆண்டு 1655 என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு குழம்பக்கூடும். அது எழுத்தரின் பிழை அன்று. அக்கால ஆங்கிலேய நாள்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1752இல்தான் ஜனவரி முதல் நாளுக்கு மாறியது. இதனை அறியாதவர், தந்தை இறந்து பல மாதங்களுக்குப் பிறகு மகனுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார் என்று குடும்ப வரலாறு எழுதிவிட நேரும்.

எலிசபெத்தின் வெற்றி ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். வெர்ஜினியா சட்டமன்றம் 1662இல் சட்டத்தையே புரட்டிப் போட்டது. இனிப் பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது என்றது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. அதன்பின் விடுதலை கோரியவர்கள் தங்கள் தாயோ பாட்டியோ அடிமையல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. வெர்ஜினியா, மேரிலாந்து கவுன்டி ஏடுகளில் இவ்வாறு வழக்காடியவர்களுள் ‘கிழக்கிந்தியர்’ என்று குறிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நம் துணைக்கண்டத்து மக்கள் அத்தனை காலத்துக்கு முன்பே அமெரிக்க மண்ணில் வேலையாட்களாக இருந்ததற்கு இவ்வேடுகளே சான்று கூறுகின்றன.

பிள்ளையை அடிமையாக்க இயற்றப்பட்ட அதே விதி ஒரு மகளைக் காப்பாற்றியதும் உண்டு. மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில், அடிமைகள் தொடுத்த 300க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகளின் கட்டுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1846இல் டிரெட் ஸ்காட்டும் அவருடைய மனைவி ஹாரியட்டும் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறியிட்டுக் கொடுத்த மனுக்கள் அவற்றுள் உலகப் புகழ் பெற்றவை. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் போலி என்னும் பெண் அங்கே வழக்குத் தொடுத்திருந்தார். அடிமை முறைக்குத் தடை விதித்த இலினோய் மாநிலத்துக்குத் தம்மை உரிமையாளர் அழைத்துச் சென்று வேலை வாங்கினார் என்பதே அவருடைய வாதம். 1843இல் அவர் வென்றார்.

தம் வழக்கு முடியும் முன்பே, 1842இல், மகள் லூசிக்காகவும் அவர் வழக்குத் தொடுத்துவிட்டார். போலி சட்டப்படி விடுதலைக்குரியவர் ஆன பின் பிறந்தவர் லூசி. தாய் அடிமையல்லர் என்றால் மகளும் அடிமையல்லள். எனவே, லூசி உண்மையிலேயே போலி பெற்ற மகளா என்பதுதான் மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது. போலியின் பழைய உரிமையாளரும் முன்னாள் நீதிபதியுமான ராபர்ட் வாஷ் சாட்சிக் கூண்டில் ஏறி, லூசி போலியின் மகளே என்றார். பின்னாளில் ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் இடம்பெற்ற எட்வர்ட் பேட்ஸ் லூசிக்காக வாதாடினார். 1844 பிப்ரவரியில் லூசி விடுதலையானார். வழக்கு நடந்த காலத்தில் 17 மாதங்கள் அவர் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்.

முதுமையில் லூசி டிலேனி தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். நூலும் வழக்குக் கட்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. போலி இலினோயில் அடிமையல்லாதவராகவே பிறந்து, பின் கடத்தப்பட்டவர் என்கிறது நூல். கெண்டக்கியில் அடிமையாக இருந்து, சிறு வயதில் இலினோய்க்குக் கொண்டுவரப்பட்டவர் என்கிறது வழக்குக் கட்டு. பெயரும் வேறுபடுகிறது. அவரை நீதிமன்றம் போலி வாஷ் என்று, பழைய உரிமையாளர் ஒருவரின் பெயரோடு குறித்துள்ளது. நூலில் உள்ள பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர் அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டிருப்பார். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மகள் நினைவிலிருந்து எழுதியதைவிட, விசாரணையின்போது எழுதப்பட்டது நிகழ்ச்சிக்கு நெருக்கமானது. அதற்காக நீதிமன்றத் தாள் சொல்வதையெல்லாம் சொல்லுக்குச் சொல் நம்பிவிடவும் முடியாது. விடுதலை வழக்குகளில் ‘பிரதிவாதி என்னை அடித்தார், அடைத்து வைத்தார்’ என்று வரும் வரி, அவ்வகை வழக்கைத் தொடுப்பதற்குச் சட்டம் வகுத்துக் கொடுத்த வாசகம். எல்லா மனுக்களிலும் அது அப்படியே திரும்ப வரும். உண்மையில் அடி விழுந்ததா என்பதைச் சாட்சியங்களில்தான் தேட வேண்டும்.

சில கவுன்டிகளில் தேடுவதற்கு ஏடே இல்லை. உள்நாட்டுப் போரின்போது வெர்ஜினியாவின் கவுன்டிகள் சில, படை வந்தால் எரித்துவிடும் என்று அஞ்சித் தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரலில் அந்நகரில் மூண்ட தீயில் அவை கருகிப்போயின. அங்கிருந்த குடும்பங்களைத் தேடுபவர்கள் அண்டைக் கவுன்டிகளின் வழக்குக் கட்டுகளைப் புரட்டுகின்றனர். நில வழக்கிலோ வாரிசு வழக்கிலோ சான்றாகக் காட்டுவதற்கென்று உயிலையும் பத்திரத்தையும் படியெடுத்து இணைப்பது அக்கால வழக்கம். மூல ஏடு சாம்பலான பிறகும், எல்லைக்கு அப்பால் வேறொருவருடைய வழக்கின் உள்ளே, மும்மடிப்பாக மடித்த தாளில் அதன் படி இருக்கலாம்.